சிரிக்கச் சொன்ன புத்தகம்

எங்கள் இரவுப் பாடசாலை அலமாரியில், அம்பேத்கர் தொகுதிகளுக்குப் பின்னால் ஒரு புத்தகத்தை மறைத்து வைத்திருந்தேன். டேல் கார்னகி 1936இல் எழுதியதன் தமிழாக்கம், பிளாட்பாரத்தில் வாங்கியது. ஒருநாள் கூட்டத்துக்கு வந்த தோழர் கையில் அது சிக்கிவிட்டது. "என்ன தோழர், மொதலாளி ஆகப் போறீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தக் கோழைச் சிரிப்பு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோழரின் கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. உன் தோல்விக்கு நீயே பொறுப்பு, மனதை மாற்று, வாழ்க்கை மாறும் என்பதுதான் இந்தச் சுயமுன்னேற்றப் புத்தகங்களின் பாட்டு. செப்டிக் டேங்கில் இறக்கிவிடப்படுகிறவனிடம் போய் இதைச் சொல்வது அயோக்கியத்தனம். கார்னகி சிரி என்கிறார். எங்க தாத்தா ஆண்டை வாசலில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆயுசு முழுக்கச் சிரித்தவர். கூலி அரைப்படி ஏறவில்லை. வாதம் செய்யாதே என்கிறார். நாங்க வாயத் தொறந்ததே நேத்துதானே!

அப்படியானால் அதை ஏன் தூக்கி எறியவில்லை?

மனிதரின் பெயரை நினைவில் வைத்திருந்து அழை என்று அதில் ஓர் இடம். அமெரிக்க விற்பனையாளனுக்கு அது தந்திரம். எனக்கு வேறு ஞாபகம் வந்தது. எங்க நைனா பெயர் 'சாமி' என்று முடியும். ஊர்த்தெருவில் பொடிப்பையன்கூட அந்தச் 'சாமி'யை அறுத்துவிட்டு, முன்னால் ஒரு 'டேய்' போட்டுத்தான் கூப்பிடுவான். அன்றே ஒரு நோட்டு வாங்கி, பிள்ளைகளின், அவர்களைப் பெற்றவர்களின் பெயர்களை முழுசாக எழுத ஆரம்பித்தேன். கூட்டத்தில் ஒரு கிழவியைப் பெயரோடு 'அம்மா' சேர்த்து அழைத்தபோது, "எம் பேரு இவ்ளோ நீளம்னு எனுக்கே மறந்துபோச்சு கண்ணு" என்றாள். பத்து வருஷமாக அவளோடு ஊர்வலம் போயிருக்கிறேன். அதுவரை அவள் பெயர் எனக்குத் தெரியாது. இதை ஒரு வியாபாரப் புத்தகம் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இன்னொன்று. கார்னகி 1912இல் நியூயார்க் ஒய்.எம்.சி.ஏ.வில் பேச்சு வகுப்பு தொடங்கியபோது, பாடம் தீர்ந்துபோய், உங்களுக்குக் கோபம் வந்ததைப் பற்றிப் பேசுங்கள் என்றாராம். பேசியவர்களின் பயம் போயிற்று. இதையும் செய்து பார்த்தேன். வாயே திறக்காத ஒன்பதாம் வகுப்புப் பெண் எழுந்து, பள்ளிக்கூடத்தில் தன் தெருப் பிள்ளைகளை மட்டும் கக்கூஸ் கழுவச் சொல்வதைச் சொன்னாள். அமெரிக்காவில் அந்தத் தைரியம் கடைவீதிக்குப் போயிருக்கும். இங்கே அது மனுவானது. எழுதி, கையெழுத்து வாங்கி, நேரில் போய்க் கொடுத்தோம்.

சாமுவேல் ஸ்மைல்ஸின் 'தன்னுதவி' 1859இல் வந்தது. அதன் வேர் 1845இல் லீட்ஸ் நகரத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இருக்கிறது. ஏழை இளைஞர்கள் இரண்டு மூன்று பேர், குளிர்கால இரவுகளில் ஒருவருக்கொருவர் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கக் கூடினார்கள். கூட்டம் பெருகி, காலராக்காரர்களைப் போட்டிருந்த பழைய அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். அவர்கள் கூப்பிட்டுத்தான் ஸ்மைல்ஸ் பேசப் போனார். சேர்ந்து செய்தவர்கள் அவர்கள். புத்தகத்தின் தலைப்பில் மிஞ்சியது 'தன்' மட்டும். கூட்டத்தை உதிர்த்துவிட்டு ஆளை மட்டும் எடுத்துக்கொண்ட இந்த வேலையைத்தான் நான் திருட்டு என்கிறேன், அறிவுரையை அல்ல.

அறிவுரை சொன்னாலே மக்களைக் குற்றம் சாட்டுவதாகும் என்கிற தோழர்கள் மகாடை நினைக்க வேண்டும். 1927 மார்ச்சில் அங்கே அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சியை விடுங்கள், உங்களை நீங்களே உயர்த்திக்கொள்ளுங்கள் என்றுதான் பேசினார். 20ஆம் தேதி அதே மக்களோடு சவுதார் குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

புத்தகம் இப்போது அலமாரியில் முன்வரிசையில் இருக்கிறது. சிரிக்கச் சொல்லும் அத்தியாயத்தை மட்டும் நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. போன மாதம் வேலைக்கு நேர்முகம் போகிற பையன் ஒருவன், "அண்ணா, உள்ள போனதும் சிரிக்கணுமா?" என்று கேட்டான். தாத்தா முகம் வந்து நின்றது. சட்டென்று பதில் வரவில்லை. புத்தகத்தை அவனிடமே கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு வந்து அவன் சொல்லட்டும்.