கோர்ட்டு முடித்தால் ஹக்கு முடிந்துவிடுமா?

திண்டிவனம் பக்கத்துச் செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவருக்குக் கூலி பாக்கி 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழக்கு விழுப்புரத்தில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவும் போய், அன்றைய கூலியும் போகிறது. கடைசியில் லோக் அதாலத்தில் 8,000 ரூபாய் பெற்றுக்கொண்டு ராஜிக்குக் கைநாட்டு வைக்கிறார். வழக்கு முடிந்தது. "இனி எனக்குப் பொறுப்பில்லை" என்று முதலாளி நிம்மதியாகத் தொழப் போகலாமா?

ராஜி தீனுக்கு விரோதமானதல்ல. கஃபு இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனைப் பள்ளிவாசலில் கேட்டபோது சத்தம் உயர்ந்தது. பாதியை விட்டுக்கொடுக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சைகை காட்டினார்கள். அவர் இணங்கினார். உடனே, எழுந்து மீதியைக் கொடுக்கும்படி கடனாளிக்கு உத்தரவிட்டார்கள். புகாரியில் வரும் சம்பவம் இது. விட்டவர் தம் ஹக்கு இன்னதென்று அறிந்தே விட்டார். பசிக்குப் பயந்து விடவில்லை.

பசிக்குப் பயந்து இடும் கையெழுத்தை நாட்டுச் சட்டமும் நம்புவதில்லை. சட்டப்படி சேரவேண்டிய ஊதியத்தைத் தொழிலாளியே வேண்டாமென எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றது 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்வாறே கூறுகிறது. அமெரிக்காவில் 1982இல் ஒரு வழக்கு. பாக்கி 10,000 டாலருக்கு மேல் என்று அரசு கணக்கிட்டிருக்க, ஒரு நிறுவனம் 14 தொழிலாளருக்கும் சேர்த்து 1,000 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, கோர்ட்டின் அங்கீகாரம் கேட்டது. அவர்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது. அப்பீல் கோர்ட்டும் அங்கீகரிக்க மறுத்துவிட்டது.

ஆனால் ஒவ்வொரு ராஜியையும் எந்த நீதிபதியாலும் இவ்வளவு துருவிப் பார்க்க இயலாது. லோக் அதாலத் தீர்வுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பீலும் கிடையாது. அங்கே மனச்சாட்சிதான் கடைசிக் கோர்ட்டு. வாதத் திறமையால் தம்மிடமே ஒருவர் பிறர் ஹக்கைத் தீர்ப்பாகப் பெற்றாலும், அவர் பெறுவது நெருப்புத் துண்டே என ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அப்படியிருக்க, மற்றவர் தீர்ப்பு எம்மாத்திரம்!

கணக்கில் மெய்யான சந்தேகம் இருந்தால் ராஜி அழகானது. இல்லையேல் முதலாளி தம்மையே கேட்கட்டும்: முழுப் பாக்கி இவ்வளவு என்று அவரிடம் சொன்னேனா? முழுத்தொகையையும் இன்றே அவர் கையில் வைத்திருந்தால், இந்த 12,000 ரூபாயை விட்டிருப்பாரா?

விட்டிருக்க மாட்டார் என்றால், அது இன்னும் கடனே. கோர்ட்டில் கட்டு மூடப்பட்டாலும் மஹ்ஷரில் அக்கணக்கு திறந்தே இருக்கும். அவர் வீடு தேடிப் போய்க் கொடுக்க இன்றும் வழியிருக்கிறது.