மூளி அலங்காரி மட்டும்தானா?

நம் பாட்டிமார்கள் அழுதுகொண்டே சொன்ன கதை நல்லதங்காள். தைப்பிங் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் பாட்டிக்கு அது மனப்பாடம். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடக மேடை பார்த்து அழுத கதையும் அதுதான். இன்றைய தம்பி தங்கைகள் சிலருக்குத் தெரிந்திருக்காது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அர்ச்சுனாபுரத்து நல்லதம்பியின் தங்கை நல்லதங்காள். மானாமதுரையில் வாழ்க்கைப்பட்டு ஏழு பிள்ளைகள். அங்கே 12 வருஷப் பஞ்சம். பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் வேட்டைக்குப் போயிருக்கிறான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். பிறகு வேண்டாவெறுப்பாக மட்கிய கேழ்வரகும் எரியாத பச்சை விறகும் கொடுக்கிறாள். அவமானம் தாங்காத நல்லதங்காள் பிள்ளைகளோடு கிணற்றில் மாண்டுபோகிறாள். திரும்பி வந்த அண்ணன், மனைவியைக் கொன்று தானும் சாகிறான். சிவனும் பார்வதியும் வந்து உயிர் கொடுத்ததாகப் பாட்டி முடிப்பார்.

பழியெல்லாம் அண்ணிக்குத்தான். கொடுமைக்கார அண்ணியை இன்னும் அந்தப் பெயர் சொல்லித்தானே திட்டறாங்க! ஒரு கெட்டவள் கிடைத்துவிட்டால் குடும்பத்தில் மற்றவங்க எல்லாரும் நல்லவங்களாகிடறாங்க.

அண்ணனைப் பாருங்கள். பஞ்சம் 12 வருஷம். அதற்குள் ஒரு தடவையாவது தங்கையைப் போய்ப் பார்த்தானா என்று பாட்டியிடம் கேட்டேன். "அதெல்லாம் கதையில வராதுய்யா" என்றார். அவனுடைய பாசம் எல்லாம் முடிந்த பிறகு கத்தியோடு வருகிறது. அதைப் பாசம் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

தாயைப் பற்றிப் பேசத்தான் கஷ்டம். மூத்த பையன் உயிருக்குப் பயந்து ஓடுகிறான், அவனையும் விடவில்லை. கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் கி.மு. 431-இல் மேடையேற்றிய 'மிடியா'விலும் ஒரு தாய் தன் இரண்டு மகன்களைக் கொல்கிறாள், கைவிட்ட கணவனைப் பழிவாங்க. அவள் வெறியில் செய்தாள், நம்மவள் பாசத்தில் செய்தாள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஓடிய அந்தப் பையனிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பான்? பசி நிஜம், போக்கிடம் இல்லாததும் நிஜம். அதனால் அவளைக் கொலைகாரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஆனாலும் ஒவ்வொரு உயிரும் தன் வினையைத் தீர்க்கத் தனியே வந்தது என்றுதானே நம் சமயம் சொல்கிறது? தாய் உடம்பைத் தருகிறாள். தன் மானத்துக்கு ஈடாக அந்த உயிரை வைக்க அவளுக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

சோக நாடகத்துக்கு ஏற்றது உறவுக்குள் நடக்கும் கொடுமைதான் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். அந்நியன் கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டைத் தட்டலாம். அண்ணன் வீடு சாத்தினால் உலகமே சாத்தின மாதிரி ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் இன்னொரு கதவு கண்ணுக்குத் தெரியாது.

இப்போதும் கணவனை விட்டுப் பிள்ளைகளோடு தாய்வீடு வரும் அக்கா தங்கைகள் இருக்காங்க. வீடு இரண்டு அறை. அண்ணன் சிங்கப்பூரில் வேலை. "நீ வாம்மா, நான் இருக்கேன்" என்று போனில் சொல்லிவிடுகிறார். அரிசி வாங்குவது, படுக்க இடம் ஒதுக்குவது, எல்லாம் அண்ணி. அவரிடம் முன்கூட்டியே யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டாங்க. முகம் சுளித்தால் மட்டும் உடனே பெயர் வைத்துவிடுவோம்.