பெட்டியில் உறங்கும் சேலை

மறைந்த அன்னையின் சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையைப் பெட்டியிலிட்டுக் காக்கிறோம். சாவி தொலைந்த திண்டுக்கல் பூட்டையும், பழனி மலையிலிருந்து இறங்கிய அண்டை வீட்டார் அன்புடன் தந்த பஞ்சாமிர்த டப்பாவையும் எறிய மனமின்றிப் பரணில் வைக்கிறோம். இவற்றை வெட்டியும் ஒட்டியும் கலைப்பொருளாக்குவது நினைவுக்கு இழைக்கும் துரோகமாகுமா?

வங்கப் பெண்டிர் பழஞ்சேலைகளை அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே நூலை உருவி, 'காந்தா' என்னும் போர்வையைத் தைத்தனர். சண்டிகர் நகருக்காக இடிக்கப்பட்ட சிற்றூர்களின் எச்சங்களையும், உடைந்த வளையல்களையும், பீங்கான் துண்டுகளையும் திரட்டி நேக் சந்த் உருவாக்கிய கற்பூங்கா 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. பொருள்களின் உருவம் மாறிற்று, வாழ்வு தொடர்ந்தது. பெட்டியில் மடிந்து கிடக்கும் சேலையோ மடிப்பிலேயே இற்றுப்போகிறது.

ஆயினும் நினைவு ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அன்னையின் சேலையில் நாம் கத்தரி வைத்தபோது தங்கையைக் கேட்க மறந்தோம். சுவரில் தொங்கிய துணிச்சித்திரத்தைக் கண்டு அவள் அழுதாள். எஞ்சிய பாதியை அவள் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். சில மாதங்களுக்குப் பின் அதில் தன் குழந்தைக்குப் போர்வை தைத்திருந்தாள்.

அன்பர்களே, கத்தரியை எடுக்குமுன் உடன்பிறந்தாரைக் கேட்போம். அவர்கள் இசைந்தபின் தயங்காது வெட்டுவோம்.