இருட்டில் நிற்கும் விளக்குக்காரன்



ஆடி மாதத்தில் நமது கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கும்போது, மேடையில் ஆடுவோரை எல்லாரும் பார்க்கிறோம். விளக்குப் போடுகிறவனை யார் பார்க்கிறோம்? அவன் இருட்டில் நிற்கிறான். வெளிச்சமெல்லாம் பிறர் முகத்துக்கே.

கல்கத்தாவில் தாபஸ் சென் (1924–2006) என்றொரு ஒளியமைப்பாளர் இருந்தார். 1959-ல் மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகம் நடந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர் மூழ்கும் காட்சி. மேடையில் வெள்ளமில்லை, விளக்கொளியே தண்ணீராய் உயர்ந்தது.

இது பொய்யல்லவா என்று கேட்கலாம். அல்ல. நாடகமென்று அறிந்தே ஜனங்கள் வந்தார்கள், ஒருவரும் வஞ்சிக்கப்படவில்லை. இல்லாத வெள்ளத்தைக் காட்டி, இருக்கிற ஏழைகளின் துயரத்தை அந்த ஒளி உணர்த்திற்று.

அப்படியானால் பொய்யான ஒளி எது? தன் முகத்தின்மேல் தானே திருப்பிக்கொள்ளும் விளக்குதான். கோவிலுக்குக் கொடுத்த காணிக்கையை ஊரறியச் சொல்லுகிறோம். அயலான் குற்றத்தின்மேல் வெளிச்சம் போட்டு, நம் குற்றத்தை இருட்டில் வைக்கிறோம். காணிக்கையும் மெய்யே, குற்றமும் மெய்யே; ஆயினும் விளக்கைத் திருப்பிய விதம் பொய்.

ஸ்நாபக அருளப்பர் தாம் ஒளியல்லர், ஒளிக்குச் சாட்சி என்றே நின்றார். சேசுநாதர் வந்ததும் ஒதுங்கினார். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டும் தாயும், பூசைக்குமுன் கோவிலைக் கூட்டுகிறவனும் அப்படியே. அவர்களுக்குக் கைதட்டுவாரில்லை, அந்தரங்கத்தில் காண்கிற பிதாவோ காண்கிறார்.

இந்த வாரம் ஒரு நன்மையாவது ஒருவரும் அறியாமல் செய்வோம். பிறர் செய்த நன்மை ஒன்றின்மேல் நம் விளக்கைத் திருப்புவோம்.