கையின் பழக்கமும் மனத்தின் பொறுப்பும்

பழக்கம் மனிதனுக்கு வாய்த்த பெருந்துணை. நெய்யாற்றங்கரையை அடுத்த ஒற்றசேகரமங்கலத்தில் ரப்பர்ப் பால் வெட்டுவோன், பட்டையை மட்டும் சீவி, உள்மரம் காயமுறாது கத்தியை நிறுத்துகின்றான். அவ்வளவை அறிந்தது அவன் கை. ஒவ்வொரு முறையும் அவன் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும், எண்ணாமலே நன்று செய்யும் கை எண்ணாமலே தீதும் செய்துவிடக்கூடும். அங்ஙனம் நேரும் தீமைக்குப் பழி யாருடையது?

2023 ஜனவரி 15-ஆம் நாள் நேபாளத்துப் போக்கராவில் ஒரு பயணிகள் விமானம் இறங்கும் தறுவாயில் வீழ்ந்து, அதிலிருந்த 72 பேரும் மாண்டனர். அவருள் ஐவர் இந்தியர். இறக்கை மடல்களை இயக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, அருகிலிருந்த வேறு இரு நெம்புகோல்களை ஒரு விமானியின் கை இழுத்துவிட்டதென விசாரணையில் தெளிந்தது. அதனால் சுழலிகள் உந்துவிசை இழந்தன. 1990 பிப்ரவரி 14-ஆம் நாள் பெங்களூரில் 92 பேர் மாண்ட விபத்திலும், இறங்கும் வேகத்துக்குரிய குமிழுக்குப் பதிலாக உயரத்துக்குரிய குமிழ் திருகப்பட்டிருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது.

புத்தர் பெருமான் வினை என்றது எண்ணத்தையே. கண்ணிழந்த சக்குபாலர் நடக்கையில் பூச்சிகள் மிதிபட்டு மடிந்தன. கொல்லும் எண்ணம் இன்மையின் அவர்பால் குற்றமில்லை என்று பெருமான் விளக்கியதாகத் தம்மபத உரை கூறும். ஆகவே, கை பிறழ்ந்த விமானியைக் கொலைஞன் என்பது அறமன்று.

எனினும், பாவம் இல்லை என்பதனால் பொறுப்பும் இல்லை என்று கொள்ளலாகாது. சக்குபாலருக்குக் கண் இல்லை, நமக்கு உண்டு. நெம்புகோலைப் பற்றிய கை ஒரு கணம் தாமதிக்க, கண் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். நற்கடைப்பிடி என்பது தியான மண்டபத்துக்கு மட்டும் உரியதன்று.

அதுவும் போதாது. களைத்த மனம் கடைப்பிடியை நழுவவிடும் என்பதை அறிந்தே கருவி செய்வோர் செய்தல் வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவிமானிகள் சிலர், தரையிறங்கியபின் இறக்கை மடலை ஏற்றக் கருதிச் சக்கரங்களையே மடக்கிவிட்டனர். இரண்டின் விசைகளும் அடுத்தடுத்து ஒரே வடிவில் இருந்தமையே காரணம் என்று கண்டார் அல்போன்ஸ் சபானிஸ் என்னும் உளநூலார். ஒன்றுக்குச் சக்கர வடிவமும் மற்றதற்கு ஆப்பு வடிவமும் அமைத்தபின் அப்பிழை நின்றது. இன்றும் விமானங்களில் சக்கரத்துக்குரிய பிடி சக்கர வடிவிலேயே உள்ளது.

தவறியவன் யார் என்று கண்டதும் நாம் அமைதியுற்று விடுகிறோம். அவன் தவறுதற்கு வழிவைத்தது எது என்று மேலும் வினவுவோமாக. இனிப் பறக்கவிருக்கும் உயிர்களிடத்து நாம் காட்டும் கருணை அதுவே.