அழுக்கு வேறு, தீட்டு வேறு

எங்கள் ஊர் ஊருணியில் ஒரு கன்றுக்குட்டி செத்து மிதந்தது. 1999ஆம் வருசம், கோடை. எனக்குப் பத்து வயசு. தண்ணி குடிக்க இறங்கிச் சேற்றில் சிக்கிச் செத்திருக்க வேண்டும். ரெண்டு நாள் கழித்து வயிறு ஊதி மேலே வந்துவிட்டது. ஊரே குடிக்கிற தண்ணி அது. காலையில் என் வயசுப் பையன் ஒருத்தன் எங்கள் தெரு முனையில் நின்றுகொண்டு என் அய்யாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். "ஊருணியில கன்னுக்குட்டி மெதக்குது. அப்பா ஒன்னைய வரச் சொன்னாரு. வந்து தூக்கிப் போடு." அய்யாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தது. "இந்தா வாரேன் சாமி" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்த ஊருணிப் படித்துறையில் நாங்கள் கால் வைக்கக் கூடாது. எங்கள் பெண்கள் குடத்தோடு கரைக்குக் கீழே காத்துக்கிடப்பார்கள். யாராவது மனசு இரங்கி மொண்டு ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றுதான் கதி. அன்றைக்கு அய்யா அதே படித்துறை வழியாகத்தான் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணியில் நடந்துபோய், கன்றின் பின்னங்காலில் கயிற்றைக் கட்டி இழுத்துக் கரையேற்றினார். ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். அவர் அதைப் புதைக்க எடுத்துக்கொண்டு போன பிறகு, படிகளில் சாணியைக் கரைத்துத் தெளித்தார்கள். செத்த கன்று ரெண்டு நாள் ஊறிக் கிடந்த தண்ணிக்கு ஒரு பரிகாரமும் இல்லை. உயிரோடு ஒரு மனுசன் கால்மணி நேரம் கால் வைத்த படிக்குத்தான் பரிகாரம். நாலு நாள் கழித்து அதே தண்ணியை எல்லாரும் குடித்தார்கள்.

செத்ததை எடுக்க இறங்கலாம்; தாகத்துக்குக் குடிக்க இறங்கக் கூடாது. இது என்ன கணக்கு? இந்தக் கேள்வி இருபத்தைந்து வருசத்துக்கும் மேலாக என்னோடு கிடக்கிறது.

நான் தமிழ் படித்தவன். விஞ்ஞானம் எனக்குப் பத்தாம் வகுப்போடு சரி. ஆனாலும் அந்த நாலு நாளில் ஊருணிக்குள் என்னதான் நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று பின்னாளில் தேடிப் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

தண்ணிக்குள் ஒன்று செத்து விழுந்தால் முதலில் வருவது பாக்டீரியா. தண்ணியிலும் சேற்றிலும் எப்போதும் இருப்பவைதான் அவை. செத்ததன் குடலுக்குள்ளும் ஏற்கெனவே இருக்கின்றன. கன்றின் வயிற்றை ஊதவைத்தது அவை உண்டாக்கிய வாயு. சதையின் புரதத்தை அவை உடைக்கும்போது அம்மோனியா வெளியேறுகிறது. அம்மோனியா அப்படியே தங்கினால் மீனுக்கு விசம். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் என்று வேலை நடக்கிறது. இந்த பாக்டீரியாக்களை 1890இல் தனியாகப் பிரித்துக் காட்டியவர் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய விஞ்ஞானி. நைட்ரேட்டும், எலும்பிலும் சதையிலும் இருந்து கரைந்துவரும் பாஸ்பரசும் பாசிக்கு உரம். பாசியை நீர்ப்பூச்சியும், பூச்சியை மீனும், மீனைக் கொக்கும் மனுசனும் தின்கிறார்கள். எல்லாம் செத்துத் திரும்பவும் சகதிக்கே வருகின்றன.

1942இல் ரேமண்ட் லிண்ட்மன் என்ற அமெரிக்க இளைஞர் எழுதிய கட்டுரை ஒன்று அச்சில் வந்தது. மின்னசோட்டாவில் சீடர் பாக் என்ற சின்ன ஏரியை ஐந்து வருசம் ஆராய்ந்தவர் அவர். கட்டுரை வெளிவருவதற்கு முன்பே 26 வயதில் இறந்துபோனார். ஏரியில் உணவு எப்படிச் சுற்றுகிறது என்பதற்கு அதில் ஒரு படம் போட்டிருக்கிறார். படத்தின் நடுவில் மீன் இல்லை, தாவரம் இல்லை. நடுவில் இருப்பது சகதி. அம்புக்குறிகள் சகதிக்கு வருகின்றன, சகதியிலிருந்து போகின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அய்யா கால் புதைய நின்ற இடம் அது.

இந்த வேலைக்கு ஓர் எல்லையும் உண்டு. காற்றில் லிட்டருக்குச் சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு இருக்கிறது. நம் ஊர் வெக்கையில் தண்ணியில் கரைந்திருப்பது லிட்டருக்கு 8 மில்லிகிராம்கூட இல்லை. அதை வைத்துத்தான் மீனும் மூச்சு விட வேண்டும், பாக்டீரியாவும் அழுகலைத் தின்ன வேண்டும். அழுகல் கூடினால் பிராணவாயு தீர்ந்துபோகிறது, மீன் சாகிறது. பிறகு பிராணவாயு இல்லாமலே வாழ்கிற பாக்டீரியாக்களின் ஆட்சி. சகதி கறுக்கிறது, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. அழுக்கு என்பது இதுதான். அதற்கு அளவு உண்டு. எவ்வளவு விழுந்தது, எவ்வளவு பிராணவாயுவைக் கேட்கிறது, எத்தனை நாளில் தீரும் என்று சொல்ல முடியும். தாங்கும் அளவுக்குள் இருந்தால் அழுக்கு ஒருநாள் அழுக்காக இல்லாமல் போகிறது. யார் வீட்டு அழுக்கு என்று பாக்டீரியா கேட்பதில்லை.

தீட்டுக்கு இதில் எதுவும் கிடையாது. அளவு இல்லை, வேதிமாற்றம் இல்லை, முடிவும் இல்லை. அழுக்கு பொருளில் இருக்கிறது. தீட்டைப் பிறப்பில் வைத்திருக்கிறார்கள். குளித்தாலும் போகாது, எம்.ஏ. படித்தாலும் போகாது.

இதற்கு வரலாற்றில் ஒரு பெரிய சோதனைச்சாலை இருக்கிறது: மகாராஷ்டிரத்தில் மகத் நகரின் சவுதார் குளம். பொதுக் குளங்களையும் கிணறுகளையும் எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் 1924இல் ஒப்புக்கொண்டது. தீர்மானம் காகிதத்தில் கிடந்தது; குளம் சாதி இந்துக்களிடம் கிடந்தது. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு ஊர்வலமாகப் போய் அந்தத் தண்ணியை அள்ளிக் குடித்தார். தாக்குதல் நடந்தது. அதற்குப் பிறகு குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். சாணி, கோமியம், பால், தயிர் கலந்த 108 பானைகள் குளத்தில் கொட்டப்பட்டன.

இப்போது இதை அழுக்கின் கணக்கில் வைத்துப் பாருங்கள். மனுசர்கள் கையால் அள்ளிக் குடித்ததால் அந்தக் குளத்தில் சேர்ந்த அழுகல் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 108 பானையில் போனது என்ன? புரதம், கொழுப்பு, நைட்ரஜன், பாஸ்பரஸ். அத்தனையும் பாக்டீரியாவுக்குத் தீனி, பிராணவாயுவுக்குச் செலவு. குடிதண்ணி கெட்டதா என்று பார்க்க இன்றைக்கு ஈ.கோலி என்ற பாக்டீரியாவைத் தேடுகிறார்கள். 100 மில்லி தண்ணியில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி. அது வாழ்கிற இடம் மனுசன், மாடு போன்றவற்றின் குடல். சாணியில் அது நிறையவே இருக்கும். ஆக, தீட்டைக் கழித்தவர்கள்தான் குளத்தில் அழுக்கைச் சேர்த்தார்கள். தண்ணியின் பக்கம் நின்று பார்த்தால் விசயம் இவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது. ஆனாலும் அந்தக் குளத்தின் மீது உரிமை உண்டு என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு வர 1937 மார்ச் ஆகிவிட்டது. பத்து வருசம்!

மகத்தில் சுத்தம் என்று சொல்லி ஊற்றினார்கள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் அந்தப் பாசாங்கும் தேவைப்படவில்லை. தலித் மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் வெளியே தெரிந்தது. குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. 2025 ஜனவரியில் போலீஸ் போட்ட குற்றப்பத்திரிகை அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று பேரையே குற்றவாளி என்றது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. தொட்டித் தண்ணியைச் சோதித்தால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். கலப்பதற்குத் துணிந்த மனசைக் கண்டுபிடிக்கிற ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது?

இதுவரைக்கும் சொன்னது சுலபமானது. சிக்கலானது இனிமேல்தான்.

சில வருசத்துக்கு முன் ஒரு சுற்றுச்சூழல் கூட்டத்தில் கன்றுக்குட்டிக் கதையைச் சொன்னேன். கூட்டம் முடிந்து ஒரு நண்பர், நல்ல மனுசர், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தோழர், நீங்கதான் இந்தச் சமூகத்தோட பாக்டீரியா. நீங்க இல்லேன்னா ஊரே நாறிப்போயிரும். இயற்கையில ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு பாருங்க." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் அந்த நிமிசம் சந்தோசமாகத்தான் இருந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. 'ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம்' என்பதை இதற்கு முன் எங்கே கேட்டோம்? மனு சொன்னதும் அதுதானே?

1936இல் காந்தி தம் 'ஹரிஜன்' இதழில் லட்சிய பங்கி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். குழந்தைக்குத் தாய் செய்வதைச் சமூகத்துக்கு பங்கி செய்கிறார் என்றார். அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்த வகைப் பிரச்சாரத்தைக் கிழித்துப் போட்டார். மலம் அள்ளுவது உயர்ந்த பணி என்பதை மலம் அள்ளுகிறவனிடமே போய்ச் சொல்வதில் என்ன நியாயம்? அள்ளாதவர்களிடம் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? இப்போது அதே புகழ்ச்சி பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. சுற்றுச்சூழல் பேசுகிறவர்கள் எல்லாரையும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கண்ணியை நாம் அடையாளம் கண்டாக வேண்டும்.

பாக்டீரியாவோடு நம்மை ஒப்பிடுவது எங்கே உடைகிறது? முதலாவது, பாக்டீரியா யாருக்கும் ஊழியம் செய்யவில்லை. கன்றுக்குட்டி அதற்குச் சாப்பாடு. தன் பசிக்குத் தின்கிறது. தண்ணி தெளிவது அதன் பின்விளைவு. என் அய்யாவுக்கு அன்றைக்குக் கிடைத்தது ஒரு படி கேப்பை. அதுவும் மேலே இருந்து முந்தியில் போடப்பட்டது.

இரண்டாவது, ஏரியில் போனது திரும்பி வருகிறது. சகதிக்கு இறங்கிய நைட்ரஜன் பாசியாகி மீனாகி மேலே ஏறுகிறது, மறுபடியும் இறங்குகிறது. ஊரில் அப்படியா? உழைப்பு சேரியிலிருந்து மேலே போகிறது, அழுக்கு மேலேயிருந்து சேரிக்கு இறங்குகிறது. ரெண்டுமே ஒருவழிப் பாதை. இதற்குச் சுழற்சி என்று பேர் வைப்பது அயோக்கியத்தனம்.

மூன்றாவது, தண்ணிக்குள் பாக்டீரியாவுக்கென்று சேரி கிடையாது. அது சகதியிலும் இருக்கிறது, மீனின் செதிளிலும் இருக்கிறது, அய்யாவைக் கூப்பிட்டனுப்பிய பெரிய மனுசரின் குடலிலும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பாக்டீரியா சாவதில்லை, நாம் சாகிறோம் என்பது. ஊருணிச் சகதியில் பிராணவாயு தீர்ந்ததும் என்ன நடக்கிறதோ அதுதான் மூடிய மலக்குழிக்குள்ளும் நடக்கிறது. அங்கே உண்டாகிற ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் நாறும். கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. அடுத்த சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். தூக்கப்போன தம்பியும் விழுவார். 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்தன. 1993 முதல் இப்படிச் செத்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது, குழிக்குள் இறக்கிவிடப்படுகிறவர்களின் சாதி மாறவில்லை. இவர்களைப் பார்த்து 'இயற்கையின் துப்புரவாளர்கள்' என்று எந்த வாயால் சொல்வது?

ஆக, இயற்கையிடம் நாம் எதை வாங்கிக்கொள்ளலாம், எதை வாங்கக் கூடாது? தீட்டு என்று ஒன்று தண்ணியில் இல்லை என்பதற்கு இயற்கை சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியத்தை விடவே கூடாது. ஆனால் மனுசன் மனுசனுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறான் என்று அதனிடம் தீர்ப்புக் கேட்கக் கூடாது. ஏரியில் பெரிய மீன் சின்ன மீனைத் தின்கிறது. அதையும் நியாயம் என்று நாளைக்கு ஒருவன் எடுத்துக்கொண்டு வருவான். சகதிக்கு வேறு இடத்துக்குப் போகத் தெரியாது. நமக்குத் தெரியும். 'இந்த வேலை ஏன் எனக்கு மட்டும்?' என்று கேட்கத் தெரிந்த உயிர் நாம். சமத்துவம் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

எங்கள் ஊருக்கு இப்போது குழாய்த் தண்ணி வந்துவிட்டது. ஊருணியை யாரும் குடிப்பதில்லை. ஊர்ச் சாக்கடையும் வயல் உரமும் அதில் இறங்கி, நைட்ரேட்டும் பாஸ்பரசும் மிஞ்சிப்போய் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. போன கோடையில் கோயில் திருவிழாவுக்கு முன்னால் அதைச் சுத்தம் செய்ய எங்கள் தெருவுக்கு ஆள் கேட்டு வந்தார்கள். இந்த முறை பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்கள். தெருப் பையன்கள் கூடிப் பேசிவிட்டுச் சொன்னார்கள்: "ஊர்த்தெருவுல இருந்து வீட்டுக்கு ஒரு ஆளு எறங்கட்டும். நாங்களும் வீட்டுக்கு ஒரு ஆளு எறங்குறோம்." வந்தவர்கள் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். இன்னும் வரவில்லை.

ஊருணி அப்படியே கிடக்கிறது. காற்று அடித்தால் நாற்றம் ரெண்டு தெருவுக்கும் வருகிறது. பையன்கள் செய்தது சரியா என்று அய்யாவிடம் கேட்டேன். எழுபதை நெருங்கிவிட்டார். திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் ஊருணிப் பக்கமே பார்த்தார்.

"நாறட்டும்டா கொஞ்ச நாளைக்கு" என்றார்.