கட்டிலுக்கு மூன்று பேர்

பெங்களூரு ஓசூர் சாலையில், நிமான்ஸ் மருத்துவமனை வளாகத்துக்குள், ஒரு சின்ன வார்டு இருக்கிறது. மனநல மருத்துவமனையில் யாரும் எதிர்பார்க்காத சத்தம் அங்கே கேட்கும்: கைக்குழந்தையின் அழுகை. சிகிச்சைக்குச் சேர்க்கப்படுபவர் தாய். அவருடைய பச்சைக் குழந்தையும் அவரோடு தங்குகிறது. இருவருக்கும் துணையாக அம்மாவோ மாமியாரோ அக்காவோ ஒருவர் இரவும் பகலும் கூடவே இருக்கிறார். ஆக, கட்டிலுக்கு மூன்று பேர்.

2009-இல் டாக்டர் பிரபா சந்திராவும் அவரது குழுவினரும் ஐந்து கட்டில்களோடு தொடங்கிய தாய்-சேய் மனநலப் பிரிவு இது. இந்தியாவில் இப்படிப்பட்ட முதல் பிரிவும் இதுதான். முதல் நான்கு ஆண்டுகளில் 237 தாய்மார்கள் தங்கள் குழந்தைகளோடு இங்கே சேர்க்கப்பட்டார்கள். இதே ஊரில், கே.ஆர். மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் வாணி விலாஸ் மகப்பேறு மருத்துவமனை திறக்கப்பட்டது 1935-இல். பிரசவ உடம்புக்கு ஒரு பெரிய மருத்துவமனை கட்டிய நகரம், பிரசவித்தவளின் மனசுக்கு ஐந்து கட்டில் போட எழுபத்து நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டிருக்கிறது. அப்போதும் நாட்டிலேயே முதலாவதாக வந்தது பெங்களூருதான் என்றால், மற்ற ஊர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தாயையும் குழந்தையையும் ஒன்றாகச் சேர்ப்பது இன்று இயல்பாகத் தோன்றலாம். முன்பு அப்படி இல்லை. மனநோய் கண்ட தாயை மருத்துவமனையில் சேர்த்தால் குழந்தை பாட்டியிடம் போகும், பால் வற்றும். சில வாரம் கழித்துத் தாய் தெளிந்து வீடு திரும்பும்போது குழந்தை அவளைப் பார்த்து அழும். நோயிலிருந்து மீண்டவளுக்கு அந்த அழுகை அடுத்த அடி. 1948-இல் இங்கிலாந்தின் காசல் மருத்துவமனையில் ஒரு தாய், தன் குழந்தையை விட்டுவிட்டுச் சிகிச்சைக்கு வர முடியாது என்று பிடிவாதமாக நின்றார். அங்கிருந்த டாக்டர் டாம் மெயின் இருவரையும் சேர்த்துக்கொண்டார். தாய்-சேய் மனநல வார்டுகளின் வரலாற்றை அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். வழிகாட்டியவர் மருத்துவர் என்பதைவிட, பிடிவாதம் பிடித்த அந்தத் தாய் என்பதே சரி.

இங்கிலாந்து வார்டுகளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனிச் செவிலியர்கள் உண்டு. அத்தனை ஆள் வைக்க நம்மிடம் பணம் இல்லை. ஆனால் நோயாளியோடு ஓர் ஆள் தங்கும் வழக்கம் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாக இருக்கிறது. நிமான்ஸ் குழுவினர் அந்த ‘அட்டெண்டர்’ வழக்கத்தையே வார்டின் தூணாக்கினார்கள். தொடக்கத்தில் குழந்தையைக் குளிப்பாட்டுவதும் தூங்கவைப்பதும் பாட்டி. தாய் தெளியத் தெளிய ஒவ்வொரு வேலையாக அவள் கைக்கு வந்து சேரும். குழந்தையைத் தூக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கிறாளா, அது சிணுங்கினால் திரும்புகிறாளா என்று ஊழியர்கள் கவனிக்கிறார்கள். மருந்தின் அளவைப் போலவே இதுவும் சிகிச்சையின் பகுதி.

இங்கே வருபவர்களில் பலர் கடுமையான நோய் கண்டவர்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், மனம் சட்டென்று தடம் புரளும். தூக்கமே இருக்காது. யாரோ குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள்; இல்லாத குரல் கேட்கும்; ஒரு நேரம் சிரிப்பு, மறுநேரம் வெறித்த பார்வை. கிராமத்தில் இதை ‘ஜன்னி’ என்பார்கள், ‘காத்து கருப்பு’ என்பார்கள், மந்திரிக்க அழைத்துப் போவார்கள். போகட்டும், நம்பிக்கையைக் குறை சொல்வதற்கு இது இடமில்லை. ஆனால் இது பிரசவ ரத்தப்போக்கைப் போன்ற அவசரம். அந்த நாட்களில் தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து. காலத்தோடு கொண்டு வந்தால் பெரும்பாலானோர் முழுசாகத் தேறிவிடுகிறார்கள் என்பதுதான் இந்த நோயைப் பற்றி ஊர் அறியாத செய்தி.

இதைவிடப் பரவலானது, சத்தமில்லாத சோர்வு.

பிரசவமான முதல் பத்து நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. அது தானே சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் விடாத துயரம் வேறு. வேலூர் கிராமப்புறத்தில் நடந்து 2002-இல் வெளிவந்த ஆய்வு, பிள்ளை பெற்றவர்களில் 11 சதவீதத்தினருக்குப் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வு வந்ததாகச் சொன்னது. அதே ஆண்டு வெளிவந்த கோவா ஆய்வில் 23 சதவீதம். 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில், இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 22 சதவீதம் என்று வந்தது. தோராயமாக ஐந்தில் ஒருவர். எண்களைவிட உறுத்துவது காரணங்களின் பட்டியல். வேலூரில் கண்டவை: குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாத உறவு, கூடமாட உதவிக்கு ஆள் இல்லாதது. கோவாவில் கணவனின் வன்முறையும் சேர்ந்தது. இவற்றில் எது அவளுடைய ‘மனசு பலவீனம்’? அத்தனையும் வீட்டிலிருந்து வந்தவை.

பெங்களூரில் இந்த வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வந்து பீனியாவிலோ பொம்மனஹள்ளியிலோ கார்மெண்ட்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை அறை வாடகை வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு, பிறகு தாய்வீடு, பேறுகாலம், பத்தியம், நாற்பது நாள் ஓய்வு என்ற வரிசை ஊரில் இருந்தவரை ஏதோ ஒரு பிடிப்பு இருந்தது. பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்க ஓர் ஆள், குழந்தையை வாங்கிக்கொள்ள நாலு கை. கன்னடத்து வீடுகளிலும் பாணந்தியை, அதாவது பிள்ளை பெற்றவளை, தாய்வீட்டில் வைத்து எண்ணெய் தேய்த்து, தலைக்குத் துணி கட்டிப் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அப்படித்தான். நகரத்தில் அம்மா வருகிறார், மூன்று வாரம் இருக்கிறார், ஊரில் மாடு கன்று, அப்பாவுக்குச் சமையல் என்று கிளம்பிவிடுகிறார். அதன் பின் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை அந்த அறையில் அவளும் குழந்தையும் மட்டும். ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்ப்பவளுக்குச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தருகிறது. அடுக்குமாடியின் பதினோராம் தளத்தில் அவளும் அதே தனிமையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டு வேலைக்குப் போகிறவளுக்கு அந்த விடுப்பும் கிடையாது.

பழைய வழக்கத்தைத் தூக்கிக் கொண்டாடவும் தோன்றவில்லை. அது உடம்பைப் பார்த்துக்கொண்டது, வாயைத் திறக்கவிடவில்லை. ‘எங்க காலத்துல நாங்க பெத்துக்கலையா’ என்ற ஒரே வாக்கியத்தில் எத்தனை பெண்களின் பேச்சு அடங்கிப்போயிருக்கும்! தாய்மை தெய்வத்தன்மை என்று மேடையிலும் சினிமாவிலும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். தெய்வத்திடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எடை கேட்பார்கள், நிறம் பார்ப்பார்கள், ‘பால் பத்துதா?’ என்பார்கள். பால் சுரக்கிற உடம்புக்குள் இருப்பவளை விட்டுவிடுவார்கள்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. 1987-இல் எடின்பரோவில் ஜான் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளை உருவாக்கினார்கள். கடந்த ஏழு நாட்களை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு பதில்கள், மொத்தம் முப்பது மதிப்பெண். தமிழிலும் கன்னடத்திலும் சோதித்துப் பார்க்கப்பட்ட வடிவங்கள் உண்டு. இந்தத் தாளின் நுட்பம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும் இடத்தில் தெரியும். பிள்ளை பெற்ற எவளுக்கும் தூக்கம் கெடும். ஆகவே ‘தூங்கினாயா?’ என்று அது கேட்பதில்லை. மனசு சரியில்லாததால் தூக்கம் வரவில்லையா என்று கேட்கிறது. குழந்தை அயர்ந்து தூங்கும் நேரத்திலும் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறாள் என்றால், அதைப் ‘புது அம்மா களைப்பு’ என்று தள்ளக் கூடாது. கடைசிக் கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளறிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. ஒருவர் கேட்டுவிட்டார் என்பதே அவளுக்குப் பாதி ஆறுதல்.

மருத்துவரிடம் போனால் மனசை மட்டும் பார்க்க மாட்டார். நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு. பிரசவத்துக்குப் பின் தைராய்டு கெடுவதும் உண்டு. இரண்டும் சோர்வின் வேஷத்தில் வரும். ரத்தப் பரிசோதனை அதற்காகத்தான். ‘மாத்திரை போட்டால் பால் கொடுக்கக் கூடாது’ என்று சொல்லியே பலர் சிகிச்சையை நிறுத்திவிடுகிறார்கள். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ள முடியும். எது ஆகும், எது ஆகாது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும், எதிர்வீட்டு அம்மா சொல்லக் கூடாது.

இனி அந்த மூன்றாவது ஆளுக்கு வருவோம். மகளின் பிரசவத்துக்கு ஊரிலிருந்து பையோடு வந்து இறங்கும் அம்மாவுக்கு வயது என்ன இருக்கும்? மகளுக்கு இருபத்து நான்கு என்றால் அம்மாவுக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதை ஒட்டி மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் அது 51 வாக்கில். நம் வீடுகளில் பல சமயம் மகளின் பேறுகாலமும் அம்மாவின் மாதவிடாய் நிற்கும் காலமும் ஒரே அறையில் நடக்கின்றன. குழந்தை அழுது மகள் எழுந்திருக்கும் அதே நள்ளிரவில், உடம்பெல்லாம் அனல் அடித்து வியர்த்து அம்மாவும் எழுந்து உட்கார்ந்திருப்பார். எரிச்சல், மறதி, காரணம் தெரியாத படபடப்பு. முன்பு ஒருமுறை மனச்சோர்வு கண்டவர்களுக்கு இந்தப் பருவத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் தன் பிரசவத்தின்போது அவர் எப்படி இருந்தார் என்று அன்று யாரும் கேட்கவில்லை. இன்றும் கேட்பதில்லை. அவர் சிடுசிடுக்கிறார் என்று மகள் வருந்துகிறாள். மகள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவர் வருந்துகிறார். உறவுச் சிக்கல் என்று நாம் பெயர் வைக்கும் பல சண்டைகளுக்குள், சிகிச்சை கிடைக்காத இரண்டு உடம்புகள் இருக்கின்றன.

பெண்ணின் மனநலத்தைப் பிரசவத்தோடு தொடங்கிப் பிரசவத்தோடு முடித்துவிட முடியாது என்பதற்கு இந்த ஒரு அறையே போதும். வயதுக்கு வந்த பெண், கல்யாணமாகிப் புது வீடு போனவள், குழந்தை நிற்கவில்லை என்று ஏச்சு வாங்குபவள், மாதவிடாய் நின்றவள் எல்லோரும் ஒரே பெண்ணின் வெவ்வேறு வயதுகள். 2021-இல் இந்தியாவில் 23,179 இல்லத்தரசிகள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. நாளொன்றுக்கு அறுபதுக்கும் மேல். இந்தக் கணக்கைப் படித்த பிறகும் ‘வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

சட்டம் ஓரளவு முன்னே போயிருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறும் பெண்ணிடமிருந்து மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் தற்காலிகமாகப் பிரிக்கலாம். அப்போதும் மேற்பார்வையோடு தாய் பார்க்க அனுமதி உண்டு, 15 நாளுக்கு ஒருமுறை முடிவை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்தக் காசல் மருத்துவமனைத் தாயின் பிடிவாதம் இங்கே சட்டத்தின் வரியாகியிருக்கிறது. ஆனால் தாயையும் சேயையும் சேர்த்துவைக்க வார்டு இல்லாத மாவட்டத்தில் இந்த வரியை எங்கே போய் நடைமுறைப்படுத்துவது?

எல்லா மாவட்டத்திலும் உடனே வார்டு கட்டச் சொல்லவில்லை. அதைவிட எளியது ஒன்று உண்டு. கர்நாடகத்தில் கர்ப்பிணிக்குத் தரும் தாயி கார்டில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், தடுப்பூசித் தேதி எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. குழந்தைக்கு ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம் ஊசி. இந்த மூன்று நாட்களிலும் தாய் எப்படியும் குழந்தையோடு சுகாதார நிலையத்துக்கு வருவாள். ஊசி போட்டு அரை மணி நேரம் உட்காரச் சொல்வார்கள். அந்த அரை மணியில் பத்துக் கேள்விகளைக் கேட்டுவிடலாம். கேரளத்தில் ‘அம்மா மனசு’ என்ற திட்டத்தின் கீழ் சுகாதாரப் பணியாளர்கள் தாய்மார்களின் மனநிலையைக் கேட்டறிகிறார்கள். பக்கத்து மாநிலத்தில் முடிந்தது கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் முடியாதா? அரசுகள் செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது இருக்கிறது. கணவர்கள் ராத்திரியில் ஒரு முறையாவது குழந்தையை வாங்கிக்கொண்டு அவளை நான்கு மணி நேரம் தொடர்ந்து தூங்க விடுங்கள். குழந்தை பார்க்கப் போகிறவர்கள், தொட்டிலுக்குப் போகுமுன் தாயிடமும், அடுப்படியில் நிற்கும் அவள் அம்மாவிடமும் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். பதில் கவலை தருவதாக இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். நிமான்ஸ் வழிநடத்தும் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10-இல் இதே பெங்களூரில் தொடங்கப்பட்டது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம்.